நாற்பதடி

ஏழுமதகு அணைக்குப் போகும் பேருந்தில் ஏறி நாற்பதடிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால், நடத்துநர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுப்பார். பலகையில் அந்த நிறுத்தத்துக்கு வேறு பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. நாற்பதடி எவ்வளவு தூரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அதைவிடப் பெரிய தூரம் எதுவும் வராது. அது நீங்கள் ஏறிவந்த பேருந்தின் நீளம், ஒரு சாண் கூடவோ குறையவோ இருக்கலாம். அந்தத் தூரத்தில் நிற்பவரிடம் குரலைச் சற்று உயர்த்திப் பேசலாம், அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்கலாம், ஒரு எலுமிச்சம்பழத்தை எறிந்தால் அவர் பிடித்துக்கொள்ளலாம். தொட முடியாது, அவ்வளவுதான்.

ஈரோட்டில் சம்பத் என்று ஒருவர் இருந்தார். மின்கம்பம் ஏறும் வேலை. மனைவி கோகிலா, மகள் செவ்வந்தி, மகளுக்கு வயது ஒன்பது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அந்த வீட்டில் பல் துலக்குவதற்கு முன்பே கட்டுச்சோறு தயாராகிவிடும், தூண்டில் முள்ளும் மண்புழு டப்பாவும் பையின் வெளி அறைக்குப் போய்விடும், மலையோ அணையோ இடிந்த கோட்டையோ எதுவாக இருந்தாலும் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். இப்படி நாற்பத்தோர் இடங்கள் பார்த்தாகிவிட்டது. சம்பத் எப்போதும் முன்னால் நடப்பார், செவ்வந்தி நடுவில் குதித்துக்கொண்டு போவாள், கோகிலா பையைச் சுமந்து கடைசியில் வருவாள், யாராவது வழுக்கினால் பிடிப்பதற்கும், யாராவது எதையாவது விட்டுவிட்டு வந்தால் எடுத்து வருவதற்கும். படம் எடுப்பதும் அவள்தான். அதனால் நாற்பத்தோர் இடங்களிலும் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அப்பாவும் மகளும் இருந்தார்கள், ஒரு படத்தில்கூட அவள் இல்லை. அதை யாரும் கவனித்ததில்லை, அவளும்தான்.

நாற்பத்திரண்டாவது இடம் நீர்க்கோட்டை. முன்பு அது ஒரு குன்று, குன்றின்மேல் யாரோ ஒரு பாளையக்காரர் கட்டிய கோட்டை. கீழே ஏழுமதகு அணையைக் கட்டித் தண்ணீர் நிரம்பியபோது குன்று தீவாகிவிட்டது. பரிசலில்தான் போக வேண்டும். தை மாதத்தின் கடைசி ஞாயிறு, வெயில் இதமாக இருந்தது. கரையில் பரிசல்காரர் சென்றாயனும், அவர் மனைவி மாதம்மாவும் இருந்தார்கள். சென்றாயன் பரிசலை இறக்கினார், மாதம்மா மீன் பொரிக்க அடுப்பை மூட்டினார்.

"நீங்க ஏறலையா கண்ணு?" என்று மாதம்மா கேட்டார்.

"பரிசல் சுத்துமேக்கா. எனக்கு ஊஞ்சலைப் பாத்தாலே தலை சுத்தும்," என்றாள் கோகிலா.

"அப்படின்னா வா, மசாலா தடவு. அவங்க கோட்டையைப் பாக்கட்டும், நாம மீனைப் பாக்கலாம்."

நாலு மணிக்குப் பரிசல் திரும்பி வந்தது. செவ்வந்தி ஒரு ஜிலேபி மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள், அவளே பிடித்த மீன், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சம்பத் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் தீவும், தீவின்மேல் கோட்டையும், கோட்டையின் மேல் மஞ்சள் வெயிலும் இருந்தன. கோகிலா மசாலாக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள்.

"அங்கேயே இருங்க! கிட்ட வராதீங்க! கிட்ட வந்தா கோட்டை படத்துல விழமாட்டேங்குது!"

சென்றாயன் துடுப்பை நிறுத்தினார். அவர் நிறுத்தியிருக்கக் கூடாது. கரையில் மாதம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பரிசல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போகிற பரிசலைத் திரும்பி வா என்று கூப்பிடலாம், அதில் ஒன்றும் இல்லை. கரைக்கு வந்துகொண்டிருக்கிற பரிசலை வராதே என்று சொல்ல மாட்டார்கள், விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள், கரையில் பாம்பு கிடந்தாலும் 'சீக்கிரம் வா, பாத்து வா' என்றுதான் கத்துவார்கள். ஆனால் ஈரோட்டுத் தெருவில் பரிசல் கிடையாது. கோகிலாவுக்கு அது தெரியாது.

படம் மிக நன்றாக வந்திருந்தது. "சரி, வாங்க," என்றாள். சென்றாயன் துடுப்பு போட்டார். தண்ணீர் பின்னால் போனது, நுரை போனது, ஒரு மிதக்கும் ஆகாயத்தாமரை பரிசலைக் கடந்து போனது, பரிசல் நாற்பதடியில் நின்றது.

"அண்ணா, மீன் ஆறுது," என்றாள் கோகிலா.

"வந்துட்டுத்தான் இருக்கேன்மா," என்றார் சென்றாயன்.

அரை மணி நேரம் அவர் வந்துகொண்டே இருந்தார். பிறகு துடுப்பைச் சம்பத்திடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் குதித்து, இருபது கை வீசி நீந்திக் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "என்னை விட்டுருச்சு," என்றார். "அவங்களை விடமாட்டேங்குது."

மறுபடியும் நீந்திப் போய்ச் செவ்வந்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்பதடி வந்ததும் அவர் கைகள் வீசிக்கொண்டே இருந்தன, கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன, நகரவில்லை. "மாமா, நாம வேகமாப் போறமா?" என்று செவ்வந்தி கேட்டாள். "ரொம்ப வேகம் கண்ணு," என்றார் அவர். இருட்டுவதற்குள் இருவரையும் கோட்டை மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார், பொரித்த மீனும் ஒரு போர்வையும் மாதம்மா கொடுத்தனுப்பினார். தீவு அவர்களைத் தாராளமாக ஏற்றுக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஊர் இந்த வேலையைக் கையில் எடுத்தது. தீயணைப்பு வண்டி கயிற்றோடு வந்தது. கயிற்றின் ஒரு நுனியைப் பரிசலில் கட்டி, மறுநுனியை முப்பது பேர் கரையிலிருந்து இழுத்தார்கள். நூறடிக் கயிறுதான் அது. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை இழுத்தார்கள், ஈரக் கயிறு வந்துகொண்டே இருந்தது, கரையில் வைக்கோல் போர் உயரத்துக்குக் குவிந்தது, பரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது. இழுத்தவர்களுக்குக் கை எரிந்ததால் நிறுத்தினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் மாடு கட்டுகிற கயிறு, கிணற்றுக் கயிறு, துணி காயப்போடுகிற கயிறு எல்லாம் அந்தக் கயிறுதான், இற்றுப்போகவே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து அளவுநாடாவைப் பிடித்து அளந்து, நாற்பதடி என்று எழுதிக்கொண்டார். பரிசலை மாற்றிப் பார்த்தார்கள், துடுப்பை மாற்றிப் பார்த்தார்கள், அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்தார்கள், தண்ணீருக்கு ஒரு கிடா வெட்டினார்கள், சோற்றைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். எதிர்க்கரையில் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார், நல்ல யோசனை என்று பதினொரு மைல் சுற்றி எல்லோரும் வேனில் போனார்கள், கோகிலாதான் முதல் ஆளாய் இறங்கித் தண்ணீர் ஓரம் போய் நின்றாள், அங்கேயும் நாற்பதடி.

ஒரு நாள் கோகிலா கண்களை இறுக்க மூடிக்கொண்டு இன்னொரு பரிசலில் ஏறினாள். அவள் பரிசல் முன்னால் போகப் போக, அவர்கள் பரிசல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அது தீவின் பாறையில் இடித்து நின்றபோது, அவள் பரிசல் நாற்பதடிக்கு இப்பால், துடுப்பு போடப் போட, ஆணி அடித்தது போல் நின்றது. அவள் வாந்தி எடுத்துக்கொண்டே "வந்துடறேன், வந்துடறேன்," என்றாள்.

அன்று மாலை கரையில் நின்றவர்களுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. பாதி புரிந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லை.

கோகிலா ஈரோட்டில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, கரையோரம் மாதம்மாவின் ஓலைச் சாய்ப்பில் தங்கினாள். பொழுது விடிந்ததும் தண்ணீர் ஓரம் வந்து நிற்பாள், அப்பாவும் மகளும் தீவிலிருந்து பரிசலில் புறப்பட்டு நாற்பதடிக்கு வந்துவிடுவார்கள், சாயங்காலம்வரை அப்படியே இருப்பார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியை வாரத்தில் மூன்று நாள் பரிசலில் போய்ப் பாடம் நடத்தினார், மற்ற இரண்டு நாள் கரையிலிருந்தே வாய்ப்பாடு கேட்டார். முடிதிருத்துகிறவர் மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சம்பத்துக்கு முடி வெட்டினார். சம்பத் தண்ணீரிலிருந்தபடியே ஊரில் எந்தக் கம்பத்தில் கம்பி தொங்குகிறது என்று பார்த்துச் சொன்னார், அவர் கத்திச் சொல்ல ஊர் இளைஞர்கள் ஏறிச் சரிசெய்தார்கள். முதல் மாதம் வெளியூர்க் கூட்டம் வந்தது. தண்ணீரில் ஒரு மனிதர் தூண்டில் போட்டுக்கொண்டும் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்பிப் போனது.

பண்டங்களை எறிவதில் கோகிலா தேர்ந்துவிட்டாள். ஆரஞ்சு, ரிப்பன், காய்ச்சல் மாத்திரை, மடித்த சட்டை எல்லாம் குறி தவறாமல் செவ்வந்தியின் மடியில் போய் விழும். சடை பின்னுவதைத்தான் எறிய முடியவில்லை. அதற்கு ஒவ்வொரு நாள் காலையிலும் மாதம்மா பரிசலில் போவார், செவ்வந்தியைத் தன் காலிடுக்கில் உட்கார வைத்துச் சீப்பெடுப்பார், கரையிலிருந்து கோகிலா கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்.

"அக்கா, வகிடு கோணல்!"

"எந்தப் பக்கம்டி கோணல்?"

"உங்க இடது கைப் பக்கம். அவளுக்கு உச்சியில ஒரு சுழி இருக்கும், அதுல சீப்பு மாட்டினா வலிக்கும், அழுத்தாதீங்க."

"எனக்கு வலிக்கலம்மா," என்று செவ்வந்தி கத்துவாள்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு!"

மாதம்மா பின்னி முடித்துவிட்டு, கையை அந்த உச்சியில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு கரைக்கு வந்து அதே கையால் கோகிலாவின் கையைப் பிடிப்பார். அதில் தேங்காய் எண்ணெய் இருக்கும். கோகிலா அதைத் தன் கையில் தேய்த்துக்கொள்வாள். இது தினமும் நடந்தது, இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், செவ்வந்தியின் பள்ளிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்ததால், கோகிலா முதல் முறையாக அந்த அணையை விட்டு ஈரோட்டுக்குப் பேருந்து ஏறினாள். அவள் இல்லாத நேரத்தில் அவர்கள் கரைக்கு வரப் பார்த்ததே இல்லை, யாரிடம் வருவது? அன்றைக்கு மதியம் செவ்வந்தி பரிசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், சம்பத் தூண்டிலைப் போட்டுவிட்டு மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று லேசாகத் தள்ளியது. பரிசல் மெதுவாக நகர்ந்து, முப்பதடி, இருபதடி, பத்தடி என்று வந்து, 'தொம்' என்று கரைச் சேற்றில் உட்கார்ந்தது.

சம்பத் கையை நீட்டிக் கரையைத் தொட்டார். சேறு குளிர்ச்சியாக இருந்தது. சாய்ப்பின் வாசலில் மாதம்மா முறத்தோடு நின்றிருந்தார், வேப்பமரத்தடியில் சென்றாயன் வலை பின்னுவதை நிறுத்தியிருந்தார்.

"இறங்குங்க," என்றார் சென்றாயன்.

சம்பத் அசையாமல் இருந்தார். "இறங்கினா, அவ வந்ததும் எங்க போய் நிக்கிறது?" என்றார். "அவளாலதான்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்." பிறகு கையைத் தண்ணீரில் அலசி, துடுப்பால் கரையைத் தள்ளி, பரிசலை உள்ளே கொண்டுபோய்விட்டார். செவ்வந்தி எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிப் பேருந்தில் கோகிலா வந்தாள். சான்றிதழை உயர்த்திக் காட்டினாள், நாற்பதடியில் இருவரும் கை தட்டினார்கள். அவள் குனிந்து பார்த்தபோது, கரைச் சேற்றில் பெரிய வட்டமாக ஒரு தடம் இருந்தது, மூங்கில் பின்னலின் கட்டம் கட்டமான அச்சோடு, பக்கத்தில் ஐந்து விரல்களோடு. அவள் யாரையும் பார்க்கவில்லை. காலால் அந்தத் தடத்தை மெல்ல மெல்லத் தேய்த்து அழித்தாள். ஐந்து விரல்கள் இருந்த இடத்தை மட்டும் குனிந்து கையால் அழித்தாள்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. ஒரு தாயிடம் போய் நீ தள்ளி நில் என்று எந்த வாயால் சொல்வது? கோகிலா ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். விடிந்ததும், "அம்மா!" என்று தண்ணீரின்மேல் குரல் வரும், அவள் கால்கள் அவளைக் கேட்காமல் கரைக்கு ஓடிவிடும். போய்விட்டால் அவர்கள் கரையில் இருப்பார்கள், அவள் பார்க்க மாட்டாள். நின்றால் அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள், அவள் பார்ப்பாள். இந்த இரண்டையும் அவள் இரண்டு கைகளில் வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டே ஆறு மாதம் நின்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோட்டை மண்டபம் ஒழுகியது. செவ்வந்திக்குக் காய்ச்சல் வந்தது, மாத்திரைக்கு இறங்கி மறுபடி ஏறியது, நான்காம் நாள் அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் பேசினாள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி மழையில் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இங்க வச்சுப் பாக்க முடியாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். உடனேன்னா உடனே," என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து தண்ணீர் ஓரத்து வண்டிப்பாதையில் நின்றது. ஊரே குடையும் சாக்கும் போட்டுக்கொண்டு நின்றது. சென்றாயன் பரிசலை ஓட்டிவந்தார், சம்பத்தின் மடியில் செவ்வந்தி போர்வைக்குள் கிடந்தாள். எல்லோருக்கும் முன்னால், முழங்கால் அளவு தண்ணீரில், கைகளை நீட்டிக்கொண்டு கோகிலா நின்றாள். பரிசல் நாற்பதடியில் நின்றது. சென்றாயன் துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தார். அவர் தலை நிமிரவில்லை. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் மழையைப் பார்த்தார்கள், தங்கள் காலைப் பார்த்தார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மட்டும் ஒன்றும் புரியாமல், "ஏன் நிக்கிறாங்க? வரச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

மாதம்மா தண்ணீரில் இறங்கிக் கோகிலாவின் தோளுக்குமேல் குடையைப் பிடித்தார்.

"கண்ணு," என்றார். "அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன். பொங்கிரும். நீ மேல போய்ப் பாத்துட்டு வர்றியா?"

கோகிலா அவர் முகத்தைப் பார்த்தாள். மழையில் அடுப்பு எரியாமல் மூன்று நாளாகியிருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "சித்திரையிலயே தெரியும்."

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். திரும்பி நடக்கவில்லை, கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே வைத்தாள். பரிசல் ஓரடி முன்னால் வந்தது. இன்னோர் அடி வைத்தாள், இன்னோர் அடி வந்தது. செவ்வந்தி போர்வைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். நான்கு நாளாய் யாரையும் தெரியாத குழந்தைக்கு அப்போது தெரிந்துவிட்டது.

"அம்மா, போகாதம்மா!"

"போகலடா. இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே கோகிலா போனாள்.

"அம்மா, கிட்ட வாம்மா!"

"வரேன்டா, வரேன்டா," என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். வழுக்கியது. விழுந்தாள், எழுந்தாள், எழுந்ததும் மறுபடி பின்னால் வைத்தாள். ஊரார் விலகி வழிவிட்டார்கள். ஒருவரும் அவளைத் தொட்டுப் பிடிக்கவில்லை, பிடித்தால் நின்றுவிடுவாள் என்று பயந்தார்கள். அவள் சாய்ப்பைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, மேட்டில் ஏறியபோது, கீழே 'தொம்' என்று பரிசல் சேற்றில் உட்கார்ந்தது. நான்கு பேர் செவ்வந்தியைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், சம்பத் ஏறினார். கதவு சாத்துவதற்கு முன் அவர் மேட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வண்டி போய்விட்டது. கோகிலா மேட்டில் நின்று இரண்டு கைகளையும் இன்னும் நீட்டியபடியே இருந்தாள், அவற்றை மடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாதம்மா போய் மடக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கோகிலா வெளியே வராந்தாவின் கடைசித் தூணருகே இருந்தாள், உள்ளே வார்டின் கடைசிக் கட்டில் அவளுக்குச் சரியாக நாற்பதடி. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் இரண்டு எட்டு உள்ளே வைத்தாள். உள்ளே கட்டில் உருண்டு சுவரில் முட்டியது, கூடவே குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியும் உருண்டது. "யாரும்மா அது கட்டிலைத் தள்ளுறது?" என்று நர்ஸ் அதட்டினார். கோகிலா தூணருகே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்தாம் நாள் செவ்வந்தி எழுந்து நடந்தாள்.

ஈரோட்டில் அவர்கள் வீட்டின் நீளம் முப்பதடிதான். அதனால் கோகிலா எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். தெரு இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. "சம்பத்து, உங்க வீட்டம்மா கீரைக்காரம்மாகிட்ட நிக்கிறாங்க, நீங்க பால் வாங்க அப்புறம் வாங்க," என்று கடைக்காரர் குரல் கொடுப்பார். சமைத்ததை அவள் வாசல்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போவாள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். சம்பத் சடை பின்னக் கற்றுக்கொண்டார். மாடியிலிருந்து குரல் வரும்: "வகிடு கோணல்!"

செவ்வந்தியின் உடம்பு தேறி, மார்கழியும் கழிந்து, தை மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தபோது, "நாற்பத்திமூணாவது இடம் போகலையாப்பா?" என்று அவள் கேட்டாள். சம்பத் மாடியைப் பார்த்தார். மாடியில் கட்டுச்சோறு ஏற்கெனவே தயாராகியிருந்தது.

அது ஒரு மலைக்கோட்டை, தொள்ளாயிரம் படிகள். விடியற்காலைப் பனி இன்னும் விலகவில்லை. இந்த முறை கோகிலா முன்னால் நடந்தாள், ஏனென்றால் மற்றவர்கள் மேலே வரவேண்டுமானால் அவள்தான் மேலே போக வேண்டும். முதுகில் பை. பின்னால் வழுக்கினால் பிடிக்க ஆளில்லை என்ற பயத்தில் காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு ஏறினாள். மேலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர் அவளைக் கடந்து போய்விட்டுத் திரும்பினார்.

"பின்னாடி ஒருத்தரும் ஒரு பாப்பாவும் வர்றாங்க, உங்காளுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நில்லும்மா, சேந்து போலாமில்ல?"

"நின்னா அவங்களும் நின்னுருவாங்க," என்றாள் கோகிலா. பெரியவர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

முந்நூறாவது படியில் செவ்வந்தி அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "அம்மா! அங்கேயே..." என்றாள். சம்பத் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். அவள் அவர் கையை விலக்கினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றாள். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள். "அம்மா, நட! நடந்துகிட்டே இரு!"

கோகிலா நடந்தாள். செவ்வந்தி படம் எடுத்தாள். பனிக்குள் ஒரு முதுகும், ஒரு பையும், தூக்கிய ஒரு காலும். நாற்பத்துமூன்று இடங்களில் அவள் இருக்கிற முதல் படம் அதுதான்.

படிகள் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கல்மண்டபம் இருக்கிறது, எந்தக் காலத்திலும் வெயில் படாது, அதன் திண்டு பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்கும். கோகிலா அங்கே உட்கார்ந்து பையைப் பிரித்தாள், எலுமிச்சைச் சோற்றையும் உருளைக்கிழங்கையும் இரண்டு இலைகளில் வைத்தாள், மேலே இன்னொரு இலையால் மூடினாள். காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து கோட்டைவாசலை நோக்கி நடந்துவிட்டாள்.

செவ்வந்திதான் முதலில் ஏறி வந்தாள். இலைகளைப் பார்த்தாள். அவற்றுக்குப் பக்கத்தில் கல்லைத் தொட்டுப் பார்த்தாள், இங்கே தொட்டாள், அங்கே தொட்டாள், எங்கும் சில்லென்றிருந்தது, ஓர் இடத்தைத் தவிர. அந்த இடத்தில் மெதுவாக ஏறி உட்கார்ந்து, கால்களை மடக்கிக்கொண்டு, பிறகு குனிந்து கன்னத்தையும் வைத்துக்கொண்டாள். கோட்டைவாசலில் கோகிலா திரும்பி நின்றாள். நாற்பதடி.

படியில் சம்பத் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, சீக்கிரம் வாங்க," என்றாள் செவ்வந்தி, கன்னத்தை எடுக்காமல். "ஆறுறதுக்குள்ள நீங்களும் கொஞ்சம் உக்காருங்க."